சொந்த மைதானம் இல்லாத சாம்பியன்கள்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து என்றதும் யு.சி.எல்.ஏ., கென்டக்கி, டியூக், நார்த் கரோலினா என்று நாலைந்து பெயர்கள்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். யுனிவர்சிட்டி ஆஃப் சான் பிரான்சிஸ்கோ என்று சொன்னால் "அப்படி ஒரு டீம் இருக்கா?" என்று கேட்கிறவர்களே அதிகம். ஆனால் 1955லும் 1956லும் அடுத்தடுத்து தேசிய சாம்பியன் ஆனது இந்தச் சின்னப் பல்கலைக்கழகம். வரிசையாக 60 ஆட்டங்கள் ஜெயித்தது. 26 வருடம் கழித்து அதே அணியைத் தானே இழுத்து மூடியதும் இதே பல்கலைக்கழகம்தான். யாரும் மூடச் சொல்லி உத்தரவு போடவில்லை.

முதலில் ஒரு சின்ன அறிமுகம். 1855ல் இயேசு சபைப் பாதிரியார்கள் ஆரம்பித்த பள்ளிக்கூடம் இது. (நம் ஊரில் சென்னை லயோலா, திருச்சி செயின்ட் ஜோசப்ஸ் நடத்துகிறார்களே, அதே சபைதான்.) நகரத்துக்கு நடுவே ஒரு குன்றின் மேல் இருக்கிறது. அணியின் பெயர் 'டான்ஸ்'. டான் என்றதும் கோட் சூட் போட்ட சினிமா வில்லன் ஞாபகம் வரலாம். இது ஸ்பானிய மொழியில் பெரிய மனிதர்களின் பெயருக்கு முன்னால் மரியாதைக்காகப் போடும் சொல்.

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் 1946ல் பீட் நியூவெல் என்பவர் இங்கே பயிற்சியாளராக வந்தார். 1949ல் அவருடைய அணி நியூயார்க்கில் நடந்த என்.ஐ.டி. போட்டியை ஜெயித்தது. இறுதி ஆட்டத்தில் சிகாகோ லயோலாவை 48-47 என்று ஒரே ஒரு புள்ளியில் தோற்கடித்தார்கள். அந்தக் காலத்தில் என்.ஐ.டி.க்கு என்.சி.ஏ.ஏ. போட்டிக்கு நிகரான மதிப்பு இருந்தது. மேற்குக் கரையிலிருந்து யாரும் எதிர்பார்க்காத ஒரு கல்லூரி வந்து கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனதில் பலருக்கு ஆச்சரியம். அடுத்த வருடம் நியூவெல் மிச்சிகன் ஸ்டேட்டுக்குப் போய்விட்டார். இவர் திரும்ப இந்தக் கதைக்குள் வருவார், அதுவும் எதிரணியில்!

அவர் இடத்துக்கு வந்தவர் ஃபில் வூல்பர்ட். இருவரும் லாஸ் ஏஞ்சலஸ் லயோலாவில் ஒன்றாக ஆடியவர்கள். வூல்பர்ட் அதற்கு முன் ஒரு உயர்நிலைப் பள்ளியில் கோச்சாக இருந்தார். அவருக்குக் கிடைத்த கல்லூரியில் கூடைப்பந்து ஆட ஒரு உள்ளரங்கம்கூட இல்லை. பக்கத்தில் இருந்த செயின்ட் இக்னேஷியஸ் பள்ளியின் அரங்கத்தைக் கேட்டு வாங்கிப் பயிற்சி செய்வார்கள். ஆட்டங்களை நகராட்சியின் கீசர் அரங்கத்தில் ஆடுவார்கள், பெரிய ஆட்டமென்றால் கௌ பேலஸ் என்ற கண்காட்சிக் கூடத்தில். பத்திரிகைகள் இவர்களை 'வீடில்லாத டான்ஸ்' என்று எழுத ஆரம்பித்தன.

கூடைப்பந்துக் கதைக்குப் போகும் முன் அதே கல்லூரியின் கால்பந்து அணியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும் (அமெரிக்கக் கால்பந்து, நம்ம ஃபுட்பால் இல்லை). 1951ல் அந்த அணி 9 ஆட்டங்கள் ஆடி ஒன்பதையும் ஜெயித்தது. சீசன் முடிவில் நடக்கும் 'பௌல்' ஆட்டங்களுக்கு அழைப்பு வந்தால் நல்ல பணம் வரும். கடனில் தத்தளித்த கல்லூரிக்கு அந்தப் பணம் உயிர்மூச்சு. ஆனால் தெற்கு மாநிலங்களின் பௌல் ஆட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் அணியில் இருந்த இரண்டு கறுப்பின வீரர்களை, ஆலி மாட்சனையும் பர்ல் டோலரையும், வீட்டில் விட்டுவிட்டு வர வேண்டும். வீரர்கள் எல்லோரும் சேர்ந்து முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அழைப்பு வரவில்லை, பணம் வரவில்லை. அந்த சீசனோடு கல்லூரி கால்பந்தையே நிறுத்திவிட்டது. அந்த அணியில் விளம்பர வேலை பார்த்த பையன் பீட் ரோசெல், பின்னாளில் என்.எஃப்.எல். அமைப்பின் தலைவர் ஆனார். டோலர் 1965ல் என்.எஃப்.எல்.லின் முதல் கறுப்பின நடுவர் ஆனார். கூடைப்பந்து அணிக்கு வூல்பர்ட் ஆள் சேர்த்துக்கொண்டிருந்தது இப்படிப்பட்ட ஒரு வளாகத்தில்தான்.

பில் ரஸ்ஸல் 1934ல் லூசியானா மாநிலம் மன்றோவில் பிறந்தவர். இனவெறிக்குத் தப்பி, வேலை தேடி மேற்கே ஓக்லாண்டுக்கு வந்த குடும்பம். 12 வயதில் அம்மா இறந்துவிட்டார். மெக்கிளைமண்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியில் ரஸ்ஸல் சேர்ந்தபோது ஜூனியர் அணியில் 16 பேர், சட்டை 15தான். கடைசி சட்டையை ரஸ்ஸலும் இன்னொரு பையனும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். ஒருத்தர் ஒரு ஆட்டத்துக்கு பெஞ்சில் உட்கார்ந்தால் இன்னொருத்தர் அன்றைக்குப் பார்வையாளர் வரிசையில்! பிற்காலத்தில் 11 என்.பி.ஏ. கோப்பை வாங்கப் போகிறவரின் ஆரம்பம் இது.

பள்ளி முடியும்போது உயரமாகிவிட்டார், ஆனால் ஆட்டம் இன்னும் முரட்டுத்தனம்தான். எந்தக் கல்லூரியும் எட்டிப் பார்க்கவில்லை. சான் பிரான்சிஸ்கோவின் பழைய ஆட்டக்காரர் ஹால் டிஜூலியோ அவர் ஆடிய ஒரு ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, புள்ளிகளை விட அவருடைய உள்ளுணர்வைக் கவனித்து, வூல்பர்ட்டிடம் சொன்னார். ரஸ்ஸலுக்கு வந்தது அந்த ஒரே ஒரு ஸ்காலர்ஷிப்தான். அது வராமல் இருந்திருந்தால் அவர் கல்லூரிக்கே போயிருப்பாரா என்பது சந்தேகம்.

விடுதியில் அவருக்கு அறைத்தோழன் கே.சி. ஜோன்ஸ். டெக்சாஸில் பிறந்து சான் பிரான்சிஸ்கோவில் வளர்ந்தவர், அதிகம் பேசாதவர். முதல் மாதம் கிட்டத்தட்ட வாயே திறக்கவில்லை என்று ரஸ்ஸல் பிற்பாடு சொல்லியிருக்கிறார். அப்புறம் ஒருநாள் பேச ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. பேசியதெல்லாம் கூடைப்பந்து. எந்தக் கோணத்தில் எறிந்தால் பந்து வளையத்தில் பட்டு எங்கே தெறிக்கும், எதிராளியை எந்தப் பக்கம் தள்ளினால் அவனுக்குப் பிடிக்காத கையால் எறிவான் என்று ராத்திரி ராத்திரியாக ஜியோமெட்ரி. இருவருமே பிரமாதமாகக் கூடைக்கு எறிகிறவர்கள் இல்லை. அதனால் எதிராளி எறிவதை எப்படிக் கெடுப்பது என்றுதான் அவர்கள் யோசனை முழுக்க ஓடியது.

இங்கே ஒரு விஷயம் புரிந்துகொள்ள வேண்டும். அந்தக் காலத்தில் தடுப்பாட்டம் என்றால் கால் தரையில் இருக்க வேண்டும், குதிக்கக் கூடாது என்பதுதான் வேதம். குதித்தால் ஏமாந்துவிடுவாய் என்பார்கள் கோச்சுகள். ரஸ்ஸல் குதித்தார். உயரம் தாண்டுதலில் 6 அடி 9 அங்குலத்துக்கு மேல் தாண்டியவர் அவர். எதிராளி எறிந்த பந்தைக் காற்றிலேயே தட்டிவிடுவார். அதையும் கூட்டத்துக்குள் அடித்துத் தள்ளாமல் தன் அணி ஆள் கைக்குப் போகிற மாதிரி மெதுவாகத் தட்டுவார். வூல்பர்ட்டுக்கே முதலில் இது பிடிக்கவில்லை. பாடப்புத்தக முறையைச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார். நல்லவேளையாக ரொம்ப நாள் பிடிவாதம் பிடிக்கவில்லை.

1953-54 சீசன் சொதப்பல். முதல் ஆட்டம் முடிந்ததுமே கே.சி. ஜோன்ஸுக்குக் குடல்வால் வெடித்து, அந்த வருடம் முழுக்கப் போனது. 14 வெற்றி, 7 தோல்வி. (இந்த ஒரு ஆட்டம் இரண்டு வருடம் கழித்து அவரைக் கடிக்கப் போகிறது.)

அடுத்த சீசனில் வூல்பர்ட் செய்த காரியம்தான் வரலாறு. ரஸ்ஸல், ஜோன்ஸ், ஹால் பெர்ரி என்று மூன்று கறுப்பின வீரர்களை முதல் ஐந்தில் இறக்கினார். பெரிய கல்லூரி அணிகளில் அப்படி யாரும் செய்ததில்லை. எழுதப்படாத ஒரு கணக்கு அன்று எல்லா இடத்திலும் இருந்தது: ஒருத்தர் பரவாயில்லை, இரண்டு பேர் அதிகம், மூன்று பேர் நினைத்தே பார்க்கக் கூடாது. தெற்கில் ஒருத்தருக்குக்கூட இடமில்லை. பள்ளிகளில் இனப் பிரிவினை சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. ரோசா பார்க்ஸ் பஸ்ஸில் எழுந்திருக்க மறுத்தது அடுத்த டிசம்பரில். டெக்சாஸ் வெஸ்டர்ன் ஐந்து கறுப்பின வீரர்களோடு இறங்கி 1966ல் கென்டக்கியை ஜெயித்ததைச் சினிமாவாகவே எடுத்தார்கள். அதற்கு 11 வருடம் முந்தைய கதை இது. வூல்பர்ட்டுக்கு வசைக் கடிதங்கள் வந்தன. அவர் அதைப் பற்றிப் பெரிதாகப் பேசிக்கொள்ளவில்லை, நன்றாக ஆடுகிறவனை ஆட வைப்பேன் என்பதோடு சரி.

1954 டிசம்பரில் அணி ஓக்லஹோமா சிட்டிக்கு ஒரு போட்டிக்குப் போனது. நகரின் ஓட்டல்கள் கறுப்பின வீரர்களுக்கு அறை தர மறுத்தன. அவர்களை மட்டும் வேறு எங்காவது தங்க வைத்துவிட்டு மற்றவர்கள் ஓட்டலுக்குப் போயிருக்கலாம், பல அணிகள் அப்படித்தான் செய்தன. இவர்கள் செய்யவில்லை. விடுமுறைக்காகப் பூட்டிக் கிடந்த ஒரு கல்லூரி விடுதியைத் திறந்து மொத்த அணியும் அங்கே தங்கியது. பயிற்சியின்போது பார்வையாளர்கள் கேலி செய்து சில்லறைக் காசு வீசினார்கள். ரஸ்ஸல் குனிந்து காசைப் பொறுக்கி வூல்பர்ட் கையில் கொடுத்து, பத்திரமாக வைத்திருங்கள் என்றாராம். பிறகு போட்டியை ஜெயித்துவிட்டு ஊர் திரும்பினார்கள்.

அதற்குச் சில நாள் முன்னால்தான் யு.சி.எல்.ஏ.விடம் 47-40 என்று தோற்றிருந்தார்கள். அந்தத் தோல்விக்குப் பிறகு தோற்கவே இல்லை. இந்த மாதமில்லை, அந்த சீசன் இல்லை... அடுத்த தோல்வி 1956 டிசம்பரில்!

1955 என்.சி.ஏ.ஏ. போட்டியில் ஆபத்து ஒரே ஒரு முறைதான் வந்தது. ஓரிகன் ஸ்டேட்டை அவர்கள் சொந்த ஊரான கொர்வாலிஸிலேயே சந்திக்க வேண்டியிருந்தது. அந்த அணியில் 7 அடி 3 அங்குல உயரத்தில் ஒருவர் இருந்தார், அவர் முன்னால் ரஸ்ஸலே பொடியன் மாதிரி. 57-56. ஒரு புள்ளி. அந்த ஒரு புள்ளி மாறியிருந்தால் இப்படி ஒரு கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

மார்ச் 19ல் கன்சாஸ் சிட்டியில் இறுதி ஆட்டம். எதிரே நடப்புச் சாம்பியன் லா சால், அதன் நட்சத்திரம் டாம் கோலா. உயரமான கோலாவை ரஸ்ஸல்தான் தடுப்பார் என்று எல்லோரும் எதிர்பார்க்க, வூல்பர்ட் கே.சி. ஜோன்ஸை அனுப்பினார். ஜோன்ஸ் 6 அடி 1 அங்குலம், கோலா அவரைவிட அரை அடி உயரம்! ஆனால் இந்த ஏற்பாட்டால் ரஸ்ஸல் கூடைக்கு அடியிலேயே நிற்க முடிந்தது. கோலா அடங்கினார். புள்ளி எடுக்கத் தெரியாதவர் என்று சொல்லப்பட்ட ஜோன்ஸ் 24 புள்ளி எடுத்தார், ரஸ்ஸல் 23 புள்ளி, 25 ரீபவுண்ட். 77-63.

அந்த வருடம் வட கலிபோர்னியாவின் சிறந்த ஆட்டக்காரர் விருதை யாருக்குக் கொடுத்தார்கள் தெரியுமா? சான்டா கிளாரா கல்லூரியின் கென்னி சியர்ஸுக்கு. தேசிய சாம்பியன் அணியின் நடுநாயகம், போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் என்று தேர்வானவர், தன் சொந்த வட்டாரத்தில் இரண்டாமிடம். இனி விருதுகளைப் பற்றிக் கவலைப்படுவதில்லை, அணி ஜெயித்ததா என்பதை மட்டும்தான் எண்ணுவது என்று அன்றைக்கு முடிவெடுத்ததாக ரஸ்ஸல் வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்தார்.

விதிகளை வகுப்பவர்களும் சும்மா இருக்கவில்லை. கூடைக்கு முன்னால் தரையில் பெயின்ட் அடித்த ஒரு பாதை இருக்குமல்லவா, தாக்கும் அணி ஆட்டக்காரர் அதற்குள் மூன்று விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது. அதன் அகலம் 6 அடி. 1955-56 சீசனுக்கு அதை 12 அடியாக்கினார்கள். ரஸ்ஸல் கூடையை விட்டுத் தள்ளி நிற்கட்டும் என்பதுதான் எண்ணம். நடந்தது வேறு: அகலமான பாதையில் மெதுவான ஆட்கள்தான் சிக்கினார்கள், வேகமான ரஸ்ஸலுக்கு வசதியாகப் போனது.

1956 ஜனவரி கடைசியில் ஒரு விசித்திரமான ஆட்டம். வரிசையாக 39 வெற்றி என்ற பழைய சாதனையைச் சமன் செய்துவிட்டு, 40வது வெற்றிக்காக வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் பெர்க்லி போனார்கள். கலிபோர்னியா அணியின் கோச் யார்? நம்ம பழைய பீட் நியூவெல். நேருக்கு நேர் ஆடினால் ஜெயிக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். கல்லூரிக் கூடைப்பந்தில் அப்போது இத்தனை விநாடிக்குள் எறிந்தாக வேண்டும் என்ற கடிகாரம் கிடையாது (அது 1985க்குப் பிறகுதான் வந்தது). எனவே நியூவெல் தன் சென்டர் ஜோ ஹேக்லரிடம் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கச் சொன்னார். ஹேக்லர் நின்றார். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம்... கிட்டத்தட்ட எட்டு நிமிடம்! ரஸ்ஸலைக் கூடைக்கு அடியிலிருந்து வெளியே இழுக்கத்தான் இந்தப் பொறி. வூல்பர்ட் அசையவில்லை, போய் அவனைப் பிடி என்று சொல்லவும் இல்லை. எட்டு நிமிடம் பத்துப் பேர் சும்மா நிற்பதை ஒரு அரங்கமே பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் 33-24. சாதனை உடைந்தது. பார்க்கச் சகிக்காத ஆட்டம்தான், ஆனால் ஒரு அணியைப் பார்த்து எதிரணி இதைவிடப் பெரிதாகப் பயப்பட முடியாது.

குடல்வால் கதைக்கு வருவோம். 1953ல் ஆடிய அந்த ஒற்றை ஆட்டத்தால் கே.சி. ஜோன்ஸுக்குக் கூடுதலாக ஒரு சீசன் தரப்பட்டிருந்தும், என்.சி.ஏ.ஏ. இறுதிச் சுற்றுப் போட்டிகளில் ஆட அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அணித்தலைவர் மாதிரி இருந்தவர் ஓரத்தில் உட்கார, அவர் இடத்தில் ஜீன் பிரவுன் என்ற இளைஞர் ஆடினார். எவன்ஸ்டனில் நடந்த இறுதி ஆட்டத்தில் ஐயோவா முதலில் நன்றாகவே முன்னேறியது. பிறகு ரஸ்ஸல் 26 புள்ளி, 27 ரீபவுண்ட் எடுக்க, 83-71. அந்த சீசனில் 29 ஆட்டம், 29 வெற்றி. ஒரு தோல்விகூட இல்லாமல் என்.சி.ஏ.ஏ. சாம்பியன் ஆன முதல் அணி இதுதான்.

ரஸ்ஸலும் ஜோன்ஸும் அந்த வருடக் கடைசியில் மெல்பர்ன் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கினார்கள். அவர்கள் இல்லாத டான்ஸ் வெற்றிகளை 60 வரை இழுத்துக்கொண்டு போய், 1956 டிசம்பரில் இல்லினாயிடம் 62-33 என்று உதை வாங்கியது. 60 என்ற சாதனையை 1973ல் உடைத்தது யார் என்றால், வெற்றி வரிசை தொடங்கும் முன் கடைசியாக இவர்களைத் தோற்கடித்த அதே யு.சி.எல்.ஏ. அவர்கள் 88 வரை போனார்கள்.

1957லும் டான்ஸ் கடைசி நான்கு அணிகளில் ஒன்றாக வந்தது. கன்சாஸ் அணியில் வில்ட் சேம்பர்லெய்ன் என்ற மலை நின்றுகொண்டிருந்தது. 80-56. அதற்குப் பிறகு இந்தக் கல்லூரி கடைசி நான்குக்கு வரவே இல்லை.

சொந்த உள்ளரங்கம் 1958ல் வந்தது, போர்களில் இறந்த மாணவர்கள் நினைவாக. சாம்பியன்கள் போன பிறகு வீடு கட்டி முடித்த கதை! வூல்பர்ட் 1959ல் உடல்நிலை காரணமாக விலகினார். இரண்டு முறை தேசிய சாம்பியன் அணியை உருவாக்கிய அந்த மனிதர், சில வருடம் சான் டியேகோ பல்கலைக்கழகத்தில் பயிற்சி கொடுத்துவிட்டு, வாஷிங்டன் மாநிலத்தில் சீக்விம் என்ற சின்ன ஊருக்குப் போய்ப் பள்ளிக்கூட பஸ் ஓட்டினார். அந்த வாழ்க்கை அவருக்குப் பிடித்திருந்தது. 1987ல் இறந்தார், புகழ் மண்டபத்தில் அவர் பெயர் ஏறியது 1992ல்.

60களில் பீட் பெலெட்டா தலைமையில் மூன்று முறை என்.சி.ஏ.ஏ. போட்டிக்குப் போனார்கள், 1964லும் 1965லும் யு.சி.எல்.ஏ.விடம் முட்டி நின்றார்கள். 70களில் பாப் கெயிலார்ட் வந்தார். 1976-77 அணியைப் பார்த்தவர்கள் ரஸ்ஸல் காலம் திரும்பிவிட்டது என்றே நினைத்தார்கள். 7 அடி பில் கார்ட்ரைட், வின்ஃபோர்ட் பாய்ன்ஸ், ஜேம்ஸ் ஹார்டி. 29 ஆட்டம் தொடர்ச்சியாக வெற்றி, நாட்டிலேயே முதலிடம். சீசனின் கடைசி ஆட்டத்தில் நோட்ரடாமிடம் 93-82 என்று தோல்வி. அடுத்து என்.சி.ஏ.ஏ. முதல் சுற்றிலேயே லாஸ் வேகாஸிடம் 121-95. மூன்று மாதம் கட்டிய கோட்டை இரண்டே ஆட்டத்தில் சரிந்தது. (கார்ட்ரைட் பின்னால் மைக்கேல் ஜோர்டனோடு சிகாகோ புல்ஸில் மூன்று கோப்பை ஜெயித்தார்.)

ஆனால் உள்ளே வேறு ஒரு அரிப்பு நடந்துகொண்டிருந்தது. கல்லூரி வீரர்களுக்குச் சம்பளம் கிடையாது, படிப்புச் செலவு மட்டும்தான் என்பது அன்றைய விதி. பணக்கார ரசிகர்களும் பழைய மாணவர்களும் பின்வாசல் வழியாகக் காசு, சலுகை என்று கொடுப்பது பல கல்லூரிகளில் நடந்தது. இங்கே மாட்டிக்கொண்டார்கள். என்.சி.ஏ.ஏ. இரண்டு முறை தண்டனை கொடுத்தது. பல்கலைக்கழகத் தலைவர் பாதிரியார் ஜான் லோ ஸ்கியாவோ, இன்னொரு முறை நடந்தால் அணியே இருக்காது என்று எச்சரித்தார். கோச்சுகள் மாறினார்கள். யாரும் நம்பவில்லை போலிருக்கிறது.

1981-82ல் அணி 25 ஆட்டம் ஜெயித்தது. நட்சத்திரம் குவின்டின் டெய்லி, ஆட்டத்துக்குச் சராசரியாக 25 புள்ளி எடுத்தவர். அந்த சீசனின் நடுவே, விடுதியில் ஒரு நர்சிங் மாணவியைத் தாக்கிய வழக்கில் அவர் சிக்கினார். 1982ல் குறைக்கப்பட்ட குற்றச்சாட்டை ஒப்புக்கொண்டார். சிறை இல்லை, மூன்று வருட நன்னடத்தைக் கண்காணிப்பு மட்டும். அந்த விசாரணையில் இன்னொன்றும் வெளியே வந்தது. கல்லூரியின் ஆதரவாளர் ஒருவரிடம், செய்யாத வேலைக்கு மாதம் 1,000 டாலர் வாங்கி வந்திருக்கிறார் டெய்லி. அதே கோடையில் புல்ஸ் அணி அவரை முதல் சுற்றில் 7வது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. சிகாகோவில் பெண்கள் அமைப்புகள் அரங்கத்துக்கு வெளியே போராட்டம் நடத்தின. அந்த மாணவி விஷயத்தில் கூடைப்பந்து உலகம் காட்டிய அலட்சியத்தை நினைத்தால், பணம் கைமாறியதெல்லாம் சின்ன விஷயமாகத்தான் தெரிகிறது.

1982 ஜூலை 29ஆம் தேதி லோ ஸ்கியாவோ பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு, ஆண்கள் கூடைப்பந்து அணியைக் கலைத்துவிட்டதாக அறிவித்தார். இளைஞர்களுக்கு ஒழுக்கம் சொல்லித்தர வேண்டிய நிறுவனம் இதை இனிமேலும் சகித்துக்கொள்ள முடியாது என்பது அவர் வாதத்தின் சாரம். இதன் கனம் புரிய ஒரு ஒப்பீடு: 1987ல் எஸ்.எம்.யு. கல்லூரியின் கால்பந்து அணியை ஒரு வருடம் முடக்கியது என்.சி.ஏ.ஏ.; அது மேலிருந்து வந்த தண்டனை. இங்கே யாரும் கேட்கவில்லை. இரண்டு தேசியக் கோப்பைகளை அலமாரியில் வைத்துக்கொண்டு, டிக்கெட் வருமானத்தையும் நன்கொடையையும் விட்டுவிட்டு, கல்லூரியே தன் கையால் திரியை அணைத்தது. பழைய மாணவர்கள் கொதித்தார்கள், பாராட்டியவர்களும் நிறைய. ஒரு தப்பும் செய்யாத மற்ற வீரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு வேறு கல்லூரி தேட வேண்டியிருந்ததையும் சொல்ல வேண்டும். நியாயம் எல்லோருக்கும் சமமாகக் கிடைக்கவில்லை.

மூன்று சீசன் அந்த அரங்கத்தில் ஆண்கள் அணி இல்லை. 1985-86ல் திரும்ப ஆரம்பித்தபோது, 60களில் இங்கேயே ஆடிய ஜிம் பிரொவெலியைக் கூட்டி வந்தார்கள். அவர் வந்தது எங்கிருந்து? வூல்பர்ட் முன்பு பயிற்சி கொடுத்த அதே சான் டியேகோ பல்கலைக்கழகத்திலிருந்து. கையில் ஒரு வீரர்கூட இல்லாமல் தொடங்கினார், முதல் வருடம் ஜெயித்ததை விடத் தோற்றதே அதிகம். ஒதுங்கியிருந்த இடைவெளியில் மற்ற கல்லூரிகள் எங்கேயோ போய்விட்டன. தொலைக்காட்சிப் பணம் கொட்ட ஆரம்பித்திருந்தது, அது பெரிய கல்லூரிகளுக்குத்தான் கிடைத்தது. 1998ல் ஃபில் மேத்யூஸ் அணியை மறுபடி என்.சி.ஏ.ஏ. போட்டிக்குக் கொண்டுபோனார், முதல் ஆட்டத்திலேயே யூட்டாவிடம் தோல்வி. 2008ல் பிரபல கோச் எடி சட்டன் பாதி சீசனுக்கு இங்கே வந்து தன் 800வது வெற்றியை எடுத்துக்கொண்டு போனார். அந்த வருடங்களில் இந்த அணி தேசியச் செய்தியில் வந்தது அதற்காக மட்டும்தான் என்று சொல்லலாம்.

2022ல்தான் அடுத்த வாய்ப்பு. இளம் கோச் டாட் கோல்டன், ஜமாரி பௌயா என்ற கார்டு. 24 வருடம் கழித்து என்.சி.ஏ.ஏ. அழைப்பு. மார்ச் 17ஆம் தேதி இண்டியானாபொலிஸில் மர்ரி ஸ்டேட்டுக்கு எதிராக பௌயா 36 புள்ளி எடுத்தார். ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போய் 92-87 என்று கைவிட்டுப் போனது. சில நாளில் கோல்டனை ஃபுளோரிடா பல்கலைக்கழகம் கூப்பிட்டுக்கொண்டது. 2025 ஏப்ரலில் ஹூஸ்டனை 65-63 என்று ஜெயித்து அவருடைய ஃபுளோரிடா அணி தேசிய சாம்பியன் ஆனது.

கே.சி. ஜோன்ஸ் 2020 கிறிஸ்துமஸ் அன்று இறந்தார். மர்ரி ஸ்டேட் ஆட்டம் முடிந்து நாலு மாதத்தில், 2022 ஜூலை 31ல், ரஸ்ஸலும் போனார். அவர் பாஸ்டனில் போட்ட 6ஆம் எண் சட்டையை இனி எந்த அணியிலும் புதிதாக யாரும் போட முடியாது என்று என்.பி.ஏ. அறிவித்தது. அந்த 6 அவர் பாஸ்டனில் புதிதாக வாங்கியது இல்லை. கீசர் அரங்கத்திலும், ஓக்லஹோமா சிட்டியில் காசு வீசிய கூட்டத்துக்கு முன்னாலும், பெர்க்லியில் எட்டு நிமிடம் சும்மா நின்றபோதும் அவர் முதுகில் இருந்தது அதே எண்தான்.